பழைய கன்வெர்டிபிள் காரைத் தேடிப் போகிறவர்கள் எங்கே சறுக்குகிறார்கள்?

எல்விஸ் பிரெஸ்லி ராணுவத்தில் சேர்ந்து ஜெர்மனியில் இருந்த காலத்தில் ஒரு வெள்ளை பி.எம்.டபிள்யூ 507 ஓட்டினார். மொத்தமே 250 சொச்சம் செய்யப்பட்ட கன்வெர்டிபிள், அதாவது கூரையை மடக்கிவிட்டு ஓட்டும் திறந்த கார் அது. ரசிகைகள் உதட்டுச் சாயத்தால் வண்டி மேலெல்லாம் எழுதிவைக்க, தொல்லை தாங்காமல் அதற்குச் சிவப்பு பெயிண்ட் அடித்தார். பிறகு அந்தக் கார் அமெரிக்காவுக்குப் போனது, அசல் எஞ்சின் கழன்றது, ஆளாளுக்குக் கைமாறியது. பல பத்தாண்டுகள் கழித்து அது கலிஃபோர்னியாவில் பூசணிக்காய் அடுக்கும் ஒரு கிடங்கில் இருப்பது தெரியவந்தது. அதுதான் எல்விஸின் கார் என்று உறுதி செய்தது 70079 என்ற சேஸிஸ் எண், அதாவது காரின் சட்டத்துக்குத் தொழிற்சாலை இட்ட எண். பி.எம்.டபிள்யூ அதைப் புதுப்பித்து, மறுபடி வெள்ளையாக்கி, 2016இல் பெப்பிள் பீச் கண்காட்சியில் நிறுத்தியது.

அரிய கார்களைத் தேடுகிறவர்கள் செய்யும் முதல் தவறு இந்தக் கதையிலேயே இருக்கிறது: நிறத்தை நம்புவது. ஐம்பது அறுபது வருடத்தில் ஒரு கார் மூன்று நான்கு முறையாவது பெயிண்ட் கண்டிருக்கும். பழைய புகைப்படத்தில் பச்சையாக இருந்ததும், போன வருடம் ஏலத்தில் கறுப்பாக வந்ததும் ஒரே வண்டியாக இருக்கலாம். நிறத்தை வைத்துப் பட்டியல் போட்டால் ஒரு கார் இரண்டாகும், இரண்டு மூன்றாகும். பிழைத்திருப்பவை இத்தனை என்று சுற்றிவரும் கணக்குகளில் எனக்கு அவ்வளவாக நம்பிக்கை இல்லாததற்குக் காரணம் இதுதான்.

நம்பர் பிளேட்டும் அப்படித்தான். பிரிட்டனில் பதிவு எண்ணைக் காரிலிருந்து பிரித்துத் தனியாக விற்கலாம். அதனால் பழைய படத்தில் பார்த்த அதே எண் இன்று வேறு ஏதோ ஒரு வண்டியில் தொங்கிக்கொண்டிருக்கலாம். அமெரிக்காவிலோ மாநிலம் மாறினால் பிளேட்டும் மாறிவிடும். அங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. 1950களின் நடுப்பகுதி வரை பல மாநிலங்கள் எஞ்சின் எண்ணை வைத்தே காரைப் பதிவு செய்தன. எஞ்சினை மாற்றியதோடு காகிதத் தடம் அறுந்துபோகும். எஞ்சின் எண், சேஸிஸ் எண் இரண்டையும் சேர்த்துக் குறித்துவைக்காதவர் அந்த இடத்தோடு நின்றுவிடுவார்.

சரி, சேஸிஸ் எண் கிடைத்துவிட்டது. அதையாவது படிக்கத் தெரியவேண்டும். கன்வெர்டிபிளைப் பொறுத்தவரை பெரிய ஏமாற்று, கூரையை வெட்டிய கூபே. கூபே என்றால் நிலையான கூரையோடு வந்த கார். ஃபெராரி டேடோனாவில் தொழிற்சாலையிலிருந்தே திறந்த காராக வந்தவை 120ஐ ஒட்டித்தான். ஆனால் பிற்பாடு பட்டறைகளில் கூரை அறுக்கப்பட்ட டேடோனாக்கள் உலகெங்கும் ஓடுகின்றன. சில அவ்வளவு சுத்தமான வேலை, கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது.

எண் சொல்லும். 1961இல் வந்த ஜாகுவார் ஈ-டைப்பின் முதல் வரிசையில் திறந்த கார்களின் எண் 850 அல்லது 875 என்று தொடங்கும். கூபேவுக்கு 860, 885. 875 வரிசையில் இருக்கவேண்டிய காரில் 885 இருந்தால் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை. 1971 பிளிமத் ஹெமி கூடா கன்வெர்டிபிள் பத்துச் சொச்சம்தான் செய்யப்பட்டது. அதன் எண் BS27R என்று தொடங்கவேண்டும்: 27 என்பது கன்வெர்டிபிள், R என்பது ஹெமி எஞ்சின். 23 என்று இருந்தால் அது கூரையோடு பிறந்த வண்டி.

ஆனால் எண்ணே எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று நினைப்பதும் தவறு. 1969 பான்டியாக் டிரான்ஸ் ஆம் கன்வெர்டிபிள் மொத்தம் 8தான். அவற்றின் எண்ணைப் பார்த்தால் ஃபயர்பேர்ட் கன்வெர்டிபிள் என்று மட்டும்தான் தெரியும், ஏனென்றால் டிரான்ஸ் ஆம் என்பது அந்த வருடம் ஃபயர்பேர்ட் மாடலுக்குக் கூடுதல் பணம் கொடுத்து வாங்கிய ஒரு தொகுப்பு. தொழிற்சாலை பில்லின் நகல்தான் அங்கே சாட்சி. ஜாகுவாருக்கு அதன் பாரம்பரிய அறக்கட்டளை பதிவேட்டைப் பார்த்துச் சான்றிதழ் தருகிறது: பாடி வகை, எஞ்சின் எண், அசல் நிறம், தொழிற்சாலையை விட்டுப் போன தேதி. எம்.ஜி., ஆஸ்டின்-ஹீலி வகையறாவுக்கு இங்கிலாந்தின் கெய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் அதேபோல் தருகிறது. இதற்கு ஆகும் செலவை மிச்சம் பிடிப்பது எனக்குப் புத்திசாலித்தனமாகப் படவில்லை.

காகிதம் கைக்கு வராதபோது அடிப்பாகத்தைப் பாருங்கள். கூரை இல்லாத பாடி முறுக்கிக்கொள்ளும் என்பதால் தொழிற்சாலையில் தரையிலும் கதவுக்குக் கீழே ஓடும் சட்டத்திலும் கூடுதல் தகடு வைத்துப் பலப்படுத்துவார்கள். வெட்டிய வண்டியில் பெரும்பாலும் அது இருக்காது, கதவு இடுக்கும் சீராக இருக்காது.

தேடும் சொல்லிலும் கவனம் வேண்டும். கன்வெர்டிபிளை ஆங்கிலேயர் 'டிராப்ஹெட்' என்று எழுத, பிரெஞ்சுக்காரரும் ஜெர்மானியரும் 'காப்ரியோலே' என்பார்கள். இத்தாலியில் 'ஸ்பைடர்', இன்னொரு இடத்தில் 'ரோட்ஸ்டர்'. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு பழைய விளம்பரங்களைத் துழாவினால் பாதி தப்பிப்போகும்.

அப்புறம், பார்த்த தேதி. "ஒரு கொட்டகையில் இருக்கிறது, நானே பார்த்தேன்" என்பார்கள். எப்போது என்று கேட்டால் முப்பது வருடத்துக்கு முன்பு. அதைத் தள்ளவேண்டாம், ஆனால் 'இருக்கிறது' என்று எழுதாமல் 'அந்த வருடம் இருந்தது' என்று எழுதுங்கள். யார் சொன்னது, படம் உண்டா, எண் படித்தார்களா என்பதையும் பக்கத்திலேயே குறியுங்கள். இரண்டு பேர் ஒரே சேஸிஸ் எண்ணைச் சொந்தம் கொண்டாடினால் அவசரப்பட்டு ஒருவரைப் பொய்யர் ஆக்கவேண்டாம். உடைந்த காரின் சட்டம் ஒரு பக்கம், எண் தகடு மறுபக்கம் போயிருக்கலாம். இரண்டு பேர் சொன்னதையும் உங்கள் பதிவேட்டில் அப்படியே வைத்திருங்கள்.

நிறையப் பேர் சொதப்புவது உரிமையாளரிடம். முதல் கடிதத்திலேயே விலை கேட்பது, அழைக்காமல் வாசலில் போய் நிற்பது, கொட்டகை இருக்கும் ஊரைப் படத்தோடு ஊருக்கெல்லாம் சொல்லிவிடுவது. திருடனுக்கு வழிகாட்டிவிட்டு, "என்னிடம் ஏன் யாரும் பேசுவதில்லை" என்று வருந்துவதில் பயனில்லை. எல்விஸின் காரை யாரும் துப்பறிந்து பிடிக்கவில்லை. அதைத் தேடுவதாகப் பத்திரிகையில் வந்த கட்டுரையைப் படித்துவிட்டு உரிமையாளரே தொடர்புகொண்டார். பிரான்ஸில் பையோன் குடும்பத்துக் கொட்டகைகளில் பழைய பத்திரிகைக் குவியலுக்கு அடியில் கிடந்த ஃபெராரி கலிஃபோர்னியா ஸ்பைடரும் வாரிசுகள் விற்க முன்வந்ததால்தான் 2014இல் வெளியே வந்தது. அடுத்த வருடம் பாரிஸ் ஏலத்தில் அது 1.6 கோடி யூரோவைத் தாண்டியது.

ஆகவே உங்கள் தேடலையும் முகவரியையும் தெரியப்படுத்திவிட்டுக் காத்திருங்கள். பதில் வந்தால் சட்டத்தில் பொறித்த எண்ணின் படம் ஒன்றை மட்டும் கேளுங்கள். திருகாணி போட்ட தகட்டின் படம் போதாது, தகட்டைக் கழற்றி இன்னொரு வண்டியில் மாட்ட ஐந்து நிமிடம் ஆகாது.