சுகர் பார்க்க எங்கே குத்தலாம்: விரல் தலைமடை, முன்கை கடைமடை

எங்கள் பெரியப்பா நாகசுரம் வாசிப்பவர், திருவாரூர்ப் பக்கம். இன்சுலின் போட ஆரம்பித்துச் சில வருஷம் ஆகிறது. துளைமேல் விரல் சதை பாதி மூடி, பாதி விலகித்தான் கமகம், அதாவது சுரத்தின் அசைவு, வரும் என்பதால் விரலில் ஊசி குத்துவதென்றாலே அவருக்கு ஆகாது. முன்கையில் குத்தினால் வலிக்காது என்று யாரோ சொல்ல, அன்றிலிருந்து எப்போதும் முன்கைதான். போன தையில் ஒரு கல்யாணம், மாப்பிள்ளை அழைப்பு இழுத்துக்கொண்டே போக, இன்சுலின் போட்டுக்கொண்டவருக்குச் சாப்பாடு தள்ளிப்போய்விட்டது. ஜிப்பா நனைய வியர்வை, கை நடுக்கம். முன்கையில் பார்த்தார், 112. "சரியாத்தானேடா இருக்கு" என்று நாகசுரத்தில் வைத்து ஊதும் சீவாளியை எடுக்கப் போனவரை உட்காரவைத்து விரலில் பார்த்தேன். 58.

மீட்டர் மேல் தப்பில்லை, குத்திய இடம்தான் காரணம். விரல் நுனியில் ரத்த ஓட்டம் அதிகம், சர்க்கரை ஏறினாலும் இறங்கினாலும் அங்கே உடனே தெரியும். முன்கை, மேல்கை, தொடை, கெண்டைச்சதை எல்லாம் கடைமடை. மேட்டூரில் ஷட்டரைத் தூக்கியதும் வேதாரண்யத்துக்குத் தண்ணீர் வந்துவிடுகிறதா என்ன? அதே போல முன்கை இருபது முப்பது நிமிஷம் பின்தங்கலாம். லோ சுகரில், அதாவது 70க்குக் கீழே போனபோது, அரைமணி நேரம் என்பது சின்ன விஷயம் இல்லை.

அதனால் சர்க்கரை அசையாமல் நிற்கும் நேரத்தில் மட்டும் முன்கை. காலையில் வெறும் வயிற்றில், அல்லது சாப்பாடு, இன்சுலின், உடலுழைப்பு மூன்றும் முடிந்து இரண்டு மணி நேரமாவது ஆனபிறகு, அடுத்த வேளை சாப்பிடும் முன். நடவு வயலிலிருந்து கரையேறிய உடனே, காய்ச்சலில் படுத்திருக்கும்போது, தலை கிறுகிறுவென்று வரும்போது, வண்டியை எடுக்கும் முன், எல்லாவற்றுக்கும் விரல்தான். லோ சுகர் வந்தும் அறிகுறியே தெரியாத ஆட்கள் உண்டு, அவர்கள் முன்கைப் பக்கமே போக வேண்டாம். முன்கை சரி என்றாலும் உங்கள் மீட்டர் அதை ஏற்குமா என்று கூட வந்த கையேட்டில் பாருங்கள், சில மீட்டர்கள் ஏற்காது. சில குத்தும் பேனாக்களுக்கு இதற்கென்றே தனி மூடி வேண்டும். இடத்தைக் கொஞ்சம் சூடு வரத் தேய்த்துவிட்டுக் குத்துங்கள். மச்சம், தழும்பு, நரம்பு தெரியும் இடம் வேண்டாம்.

உள்ளங்கையில் கட்டைவிரலுக்குக் கீழே உள்ள மேடு, சுண்டுவிரலுக்குக் கீழே உள்ள மேடு இரண்டும் முன்கையைவிடத் தேவலாம், விரலை ஒட்டியே காட்டும். ஆனாலும் லோ சுகர் சந்தேகம் என்றால் திரும்ப விரலுக்கே வாருங்கள்.

விரலிலும் வலி குறைந்த இடம் இருக்கிறது, நிறையப் பேர் அதை விட்டுவிட்டு நட்டநடுச் சதையில் குத்திக்கொண்டு அழுகிறார்கள். நகத்துக்கும் நடுச்சதைக்கும் இடைப்பட்ட பக்கவாட்டு ஓரம், அங்கே குத்துங்கள். பெரியப்பாவுக்கு இதைக் காட்டியபோது விரலை நாகசுரத்தின் மேல் வைத்துப் பார்த்தார், ஓரம் துளையில் படவே இல்லை! நடுவிரலும் மோதிர விரலும் வசதி, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நாள் முழுக்க வேலைக்கு வேண்டும், விட்டுவிடுங்கள். ஒரே இடத்தில் குத்தினால் காய்த்துப்போகும், அதனால் மாற்றி மாற்றி. பேனாவில் ஆழத்தைக் குறைந்த எண்ணிலிருந்து தொடங்குங்கள்.

குத்தும் முன் சோப்புப் போட்டுக் கைகழுவி நன்றாகத் துடைக்க வேண்டும். பூவன் பழம் உரித்த விரலோடு பார்த்தால் மீட்டர் பழத்தின் சர்க்கரையையும் சேர்த்தே சொல்லும், அதை நம்பி இன்சுலினைக் கூட்டினால் ஆபத்து. ஸ்பிரிட் தடவினால் காயவிடுங்கள். ரத்தம் வரவில்லையா, கையைத் தொங்கப்போட்டு உதறுங்கள், வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவுங்கள். பிழியாதீர்கள், சதைநீர் கலந்துவிடும்.

கால்விரலில் குத்தவே கூடாது. கையில் வலிக்கிறதென்று காலில் குத்திக்கொள்பவர்களை நானே பார்த்திருக்கிறேன். சுகர்காரர் காலில் சின்னக் காயம்கூட ஆறாமல் புண்ணாகலாம், அதோடு சேற்றிலும் இறங்குகிற கால். டயாலிசிஸுக்கு ஃபிஸ்டுலா (ரத்தக்குழாய் இணைப்பு) வைத்த கை, மார்பக ஆபரேஷனில் அக்குள் நெறிக்கட்டி எடுத்த பக்கத்துக் கை என்றால் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். வீட்டில் இரண்டு பேருக்குச் சுகர் இருந்தாலும் ஊசியும் பேனாவும் ஆளுக்கு ஒன்று, புருஷன் பெண்டாட்டியாக இருந்தாலும் சரி. மஞ்சள் காமாலைக் கிருமி ரத்தத்தில் பரவும். குத்திய ஊசியைக் கெட்டியான மூடி போட்ட டப்பாவில் போடுங்கள், குப்பை அள்ளுகிறவர் கையும் கைதானே.

அன்றைக்கு என்ன செய்தேன் என்றால், மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கவைத்து, கால்மணி நேரம் கழித்துத் திரும்ப விரலில் பார்த்தேன், 84. 70க்கு மேல் வந்துவிட்டது. அப்புறம் பந்தியில் உட்காரவைத்தேன், தவில்காரர் தனியாக ஒரு கால்மணி நேரம் வெளுத்துக்கொண்டிருந்தார்.