எம்.எஸ்சி நர்சிங்: சேரும் முன்பும் படிக்கும்போதும் தவிர்க்க வேண்டியவை

பி.எஸ்சி முடித்த கையோடு எம்.எஸ்சி சேர முடியாது. 55 சதவீத மதிப்பெண்ணோடு ஓராண்டு பணி அனுபவமும் வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் விதி. "அனுபவச் சான்றிதழ் மட்டும் எங்காவது வாங்கிக்கொள்" என்று யோசனை சொல்லும் சீனியர்கள் உண்டு, காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். நைட் டூட்டியில் ஒரு வார்டைத் தனியாகச் சமாளிக்காதவர், நாளை டியூட்டராக, அதாவது நர்சிங் ஆசிரியராக நிற்கும்போது மாணவிகளின் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வார்.

அடுத்து, பிரிவைத் தேர்ந்தெடுப்பது. மெடிக்கல் சர்ஜிக்கல் (பொது மருத்துவ, அறுவை சிகிச்சை நோயாளிகளைப் பராமரிக்கும் பிரிவு) எடுத்தால் எங்கேயும் வேலை கிடைக்கும் என்று கூட்டத்தோடு போகிறார்கள். மனநலம் என்றால் வீட்டில் முகம் சுளிக்கிறார்கள். ஆனால் எந்த நர்சிங் கல்லூரியும் மனநலப் பாடம் நடத்தாமல் இருக்க முடியாது, அதற்கு ஆள் வேண்டும். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையிலோ எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையிலோ பயிற்சிக்காக போஸ்டிங் போனபோது எங்கே உங்களுக்கு நேரம் போனதே தெரியவில்லை என்று யோசித்துப் பாருங்கள். சரி, கற்பிக்கவே விருப்பமில்லை, நோயாளி பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பவர்களுக்கு நர்ஸ் பிராக்டிஷனர் கிரிட்டிகல் கேர் (தீவிர சிகிச்சைப் பராமரிப்பு) என்ற இரண்டாண்டு படிப்பு தனியாக இருக்கிறது. அது தெரியாமலே பலர் வழக்கமான எம்.எஸ்சியில் சேர்ந்துவிடுகிறார்கள்.

பெரிய தவறு நடப்பது ஆய்வேட்டில்தான். ஏதாவது ஒரு கல்லூரி நூலகத்தில் பழைய தீசிஸ் அடுக்கைப் புரட்டிப் பாருங்கள்: ஏதோ ஒரு நோய் குறித்த அறிவு, முன்தேர்வு, ஒரு கற்பித்தல் நிகழ்ச்சி, பின்தேர்வு, மதிப்பெண் உயர்ந்தது. பாடம் நடத்திவிட்டு அன்றைக்கோ அடுத்த வாரமோ கேட்டால் மதிப்பெண் உயராமல் என்ன செய்யும்? நோய் பெயரை மட்டும் மாற்றி இன்னொன்று எழுதுவதில் ஆராய்ச்சி எங்கே இருக்கிறது? வார்டில் தினமும் உறுத்தும் ஒன்றை எடுங்கள். படுக்கைப் புண் வராமலிருக்க நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைத்ததாக சார்ட்டில் டிக் இருக்கும். நிஜமாகவே திருப்பினார்களா? அதுவே ஒரு தலைப்பு. ஆய்வு நெறிமுறைகளைப் பார்க்கும் எதிக்ஸ் கமிட்டியின் ஒப்புதலுக்கு நாளாகும், அதனால் முதல் ஆண்டிலேயே தொடங்குங்கள். தரவு சேகரித்த பிறகு புள்ளியியலாளரிடம் ஓடாதீர்கள். எத்தனை பேரை எடுக்க வேண்டும் என்பதற்கே அவர்தான் முதலில் தேவை. காசு கொடுத்து எழுதி வாங்கினால், வாய்மொழித் தேர்வான வைவாவில் "ஏன் டி டெஸ்ட் (சராசரிகளை ஒப்பிடும் புள்ளியியல் சோதனை) போட்டீர்கள்?" என்ற ஒரே கேள்வி போதும், மாட்டிக்கொள்வீர்கள்.

நர்சிங் எஜுகேஷன், மேனேஜ்மென்ட் ஆகிய இரண்டு பாடங்களையும் பரீட்சைக்கு முன் படித்தால் போதும் என்று ஒதுக்குகிறார்கள். படிப்பு முடிந்ததும் சோறு போடப்போவது அந்த இரண்டும்தான். லெசன் பிளானில் 'மாணவர் செயல்பாடு' என்ற கட்டத்தில் வரிக்கு வரி 'கவனிக்கிறார்கள்' என்று நிரப்பியிருந்தால், அந்த வகுப்பு வெறும் வாசிப்பு என்று அர்த்தம். அதேபோல் வார்டு சிஸ்டரிடம் கேட்டு ஒரு மாத டூட்டி ரோஸ்டரை (யாருக்கு எப்போது பணி என்ற பட்டியலை) நீங்களே போட்டுப் பாருங்கள். ஒருவர் மகப்பேறு விடுப்பு, இருவர் பொங்கலுக்கு ஊருக்குப் போகவேண்டும் என்கிறார்கள், ஐசியுவில் வென்டிலேட்டர் நோயாளி ஒருவருக்கு ஒரு நர்ஸ் வேண்டும். புத்தகத்தில் இருக்கும் பணியாளர் விகிதம் அப்போதுதான் மண்டையில் ஏறும்.

அப்புறம், பட்டம் கைக்கு வந்ததும் தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் கூடுதல் தகுதியாகப் பதிவு செய்துவிடுங்கள். நேர்காணல் கடிதம் வந்த பிறகு அதற்கு அலைவது வீண் தலைவலி.