ரவுண்டா, ஓவலா, எக்-ஷேப்டா: வளைந்த உருவங்களுக்கு ஆங்கிலச் சொல் தேர்வது எப்படி

ஒரு பொருளின் உருவத்தை ஆங்கிலத்தில் எழுத வேண்டிய தேவை நமக்கு அடிக்கடி வருகிறது. தொலைந்த பையைப் பற்றிப் புகார் கொடுக்கும்போதும், இணையக் கடையில் தட்டை விற்கும்போதும், மருத்துவரிடம் மாத்திரையின் பெயர் தெரியாமல் அதன் தோற்றத்தைச் சொல்லும்போதும் ‘ரவுண்ட்’, ‘ஓவல்’ என்ற இரண்டே சொற்களைக் கொண்டு பலர் சமாளித்துவிடுகிறார்கள். பெரும்பாலான இடங்களில் அவை போதும் என்பதே என் கருத்து. போதாத இடங்களைக் கண்டுபிடிக்கத்தான் ஒரு முறை தேவைப்படுகிறது.

பொருள் தட்டையானதா, பருமன் உள்ளதா என்று முதலில் பாருங்கள். ‘ரவுண்ட்’ இரண்டுக்கும் பொருந்தும். வட்ட மேசையும் ரவுண்ட்தான், பந்தும் ரவுண்ட்தான். ‘சர்க்குலர்’ என்பது தட்டையான வட்டத்துக்கும் வட்டமாகச் செல்லும் பாதைக்கும் உரியது. பந்தை அப்படிச் சொன்னால் ஆங்கிலக் காதுக்கு இடறும். பந்துக்குரிய ‘ஸ்பெரிக்கல்’ பிழையற்ற சொல்லே ஆனாலும் அதில் பாடநூல் வாடை அடிக்கும். ஆப்பிளையோ ஒருவரின் முகத்தையோ பற்றிப் பேசுகையில் ஆங்கிலேயர் ‘ரவுண்ட்’ என்றுதான் சொல்வார்கள். சற்றே உருண்டையாக இருந்தால் ‘ரவுண்டிஷ்’ என்று ஒட்டுச் சேர்த்துக்கொள்வார்கள்.

இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாத சொல் ‘ரவுண்டட்’. கூர்மையான முனையோ விளிம்போ மழுங்கி வளைந்திருப்பதை அது குறிக்கிறது. செவ்வகமான கைப்பேசியின் மூலைகள் ரவுண்டட் ஆக இருக்கலாம், ஆனால் கைப்பேசி ரவுண்ட் ஆகிவிடாது. ஆங்கிலச் சமையல் குறிப்புகளில் வரும் ‘ரவுண்டட் டேபிள்ஸ்பூன்’ என்பது கரண்டியின் விளிம்புக்கு மேல் மாவு மெல்ல மேடிட்டு நிற்கும் அளவு. விளிம்போடு வழித்துவிட்ட அளவை ‘லெவல்’ என்றும், குவித்து அள்ளிய அளவை ‘ஹீப்டு’ என்றும் எழுதுவார்கள்.

பொருள் ஒரு பக்கம் நீண்டிருந்தால் அடுத்து முனைகளைக் கவனிக்க வேண்டும். அதன் புறக்கோட்டைத் தாளில் வரைந்து, வெட்டி எடுத்து, நீளவாட்டில் ஒரு முறையும் குறுக்குவாட்டில் ஒரு முறையும் மடித்துப் பாருங்கள். நீளவாட்டில் மட்டும் பாதிகள் ஒன்றின்மேல் ஒன்று சரியாகப் படிந்து, குறுக்கே மடிக்கும்போது ஒரு பாதி அகன்றும் மற்றது ஒடுங்கியும் தெரிந்தால், அதற்குரிய சொல் ‘எக்-ஷேப்டு’. இரண்டு மடிப்பிலும் படிந்தால் பக்கங்களைப் பாருங்கள்: அவை நேர்க்கோடாகச் சென்று முனைகள் மட்டும் வளைந்திருந்தால் ‘கேப்ஸ்யூல்-ஷேப்டு’ என்பது தெளிவானது, பக்கங்களும் தொடர்ந்து வளைந்திருந்தால் ‘ஓவல்’.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. ‘ஓவல்’ என்பது முட்டையைக் குறிக்கும் ‘ஓவம்’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்ததாயினும், அன்றாட ஆங்கிலம் அதை முட்டைக்கும் இரு முனையும் ஒத்த நீள்வட்டத்துக்கும் பாகுபாடின்றி வழங்குகிறது. அமெரிக்க அதிபரின் ஓவல் ஆஃபிஸ் இதற்கு நல்ல சான்று. 1909-இல் டாஃப்ட் காலத்தில் முதலில் கட்டப்பட்டு, 1934-இல் ரூஸ்வெல்ட் காலத்தில் இப்போதைய இடத்துக்கு மாறிய அந்த அறையின் நீளம் 35 அடி 10 அங்குலம், அகலம் 29 அடி. முட்டையைப் போல ஒரு முனை ஒடுங்குவதில்லை. அதே வெள்ளை மாளிகைக்குத் தெற்கே உள்ள புல்வெளிக்கு மட்டும் ‘எலிப்ஸ்’ (நீள்வட்டம்) என்று வடிவியல் பெயர் வாய்த்தது. 1880-இல் இங்கிலாந்து மண்ணின் முதல் டெஸ்ட் கிரிக்கெட் ஆட்டம் நடந்த லண்டன் மைதானத்தின் பெயரும் ஓவல்தான். ரக்பி பந்தையும் ஆங்கிலேயர் ‘ஓவல் பால்’ என்றே அழைக்கிறார்கள். ஆகவே ஒரு முனை ஒடுங்கியிருப்பது வாசகருக்குத் தெரிந்தே ஆக வேண்டும் என்றால் ‘ஓவல்’ என்பதை நம்பாமல் ‘எக்-ஷேப்டு’ என்று எழுதுங்கள். ஆந்தையின் முட்டை ஏறக்குறைய உருண்டையாக இருந்தாலும், இந்தச் சொல்லைக் கேட்பவர் மனத்தில் வருவது கோழிமுட்டைதான் என்பதால் பொருள் மாறிப்போகாது.

‘எலிப்டிகல்’ என்பதைக் கணக்கும் வானியலும் பேசும் இடத்துக்கு ஒதுக்கிவைப்பது நல்லது. கோள்களின் பாதை நீள்வட்டம் என்று கெப்ளர் 1609-இல் வெளியிட்டார். ஆனால் பூமியின் பாதையைத் தாளில் வரைந்தால் கண்ணுக்கு வட்டமாகவே தெரியும், ஏனெனில் அதன் மையப்பிறழ்வு (வட்டத்திலிருந்து விலகும் அளவு; சரியான வட்டத்துக்கு அது 0) ஏறத்தாழ 0.0167 மட்டுமே. அதை ‘ஓவல்’ என்று எழுதினால் நசுங்கிய பாதையை வாசகர் கற்பனை செய்துகொள்வார். பூமியின் நடுக்கோட்டு விட்டம் துருவ விட்டத்தைவிடச் சுமார் 43 கிலோமீட்டர் கூடுதல் என்றாலும், பேச்சு வழக்கில் பூமி ‘ரவுண்ட்’ என்பதில் குறையில்லை.

தாவரவியலில் மட்டும் இந்த நுணுக்கங்களைத் தவிர்க்க முடியாது. செம்பருத்தியைப் போலக் காம்புப் பக்கம் அகன்று நுனி ஒடுங்கிய இலை ‘ஓவேட்’. நாட்டு வாதுமையைப் போல நுனிப் பக்கம் அகன்றது ‘ஆப்ஓவேட்’. நடுவில் அகன்று இருபுறமும் ஒரே மாதிரி ஒடுங்குவது ‘எலிப்டிக்’. கனி, விதை போன்ற பருமனுள்ள முட்டை வடிவத்துக்கு ‘ஓவாய்டு’. இச்சொற்களைக் கடிதத்திலோ விற்பனைக் குறிப்பிலோ புகுத்தினால் மேதாவித்தனமாகத் தெரியுமே தவிர விளக்கம் கூடாது.

‘ஆப்லாங்’ என்ற சொல்லைத் தனியே பயன்படுத்தத் தயங்குங்கள். பிரிட்டிஷ் பேச்சில் அது பெரும்பாலும் சதுரமல்லாத செவ்வகம். மாத்திரை விவரங்களில் முனை வளைந்த நீள் உருவம். இலைகளில் பக்கங்கள் இணையாகச் செல்லும் வடிவம். மூலைகள் உண்டா இல்லையா என்பதையும் சேர்த்து எழுதினால்தான் அது தெளிவாகும்.

சொல் முடிவான பிறகு அதன் இடத்தையும் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் அளவு, வடிவம், நிறம், மூலப்பொருள் என்ற வரிசை இயல்பானது: ‘ஸ்மால் ஓவல் ஒயிட் டேப்லெட்’, ‘லார்ஜ் ரவுண்ட் வுட்டன் டேபிள்’. பேரிக்காய் வடிவத்துக்கான ‘பேர்-ஷேப்டு’ வைரக்கல்லுக்கும் குடுவைக்கும் பொருந்தும். ஆனால் பிரிட்டிஷ் பேச்சில் ஒரு காரியம் ‘வென்ட் பேர்-ஷேப்டு’ என்றால் அது கெட்டுக் குட்டிச்சுவரானது என்று பொருள்.