ஜிஎஸ்டி மாநிலக் குறியீட்டை வெறும் ஸ்ட்ரிங்காக விடாதீர்கள்

டைப்ஸ்கிரிப்டில் பில் போடும் தளம் எழுதுகிறீர்களா? மாநிலக் குறியீட்டுக்கு '33' | '32' | '37' (தமிழ்நாடு, கேரளம், ஆந்திரம்) என்று யூனியன் டைப் வையுங்கள்; அதாவது, இந்த மதிப்புகளைத் தவிர வேறு எதையும் ஏற்காத டைப். மாநில வாரி விவரங்களை அதே டைப்பைச் சாவியாகக் கொண்ட ரெக்கார்டில் (ஒவ்வொரு சாவிக்கும் மதிப்பு இருந்தே ஆக வேண்டிய டைப்) போடுங்கள். பொள்ளாச்சிக் கடைக்குப் பாலக்காட்டிலும், திருத்தணிக் கடைக்கு நகரியிலும் வாடிக்கையாளர் உண்டு. நாளை கர்நாடகத்துக்கு '29' சேர்த்தால், நிரப்ப மறந்த ஒவ்வொரு ரெக்கார்டையும், கோடைச் சோதித்து ஜாவாஸ்கிரிப்டாக மாற்றும் கம்பைலரே காட்டிக்கொடுக்கும். ஃபைல் ஃபைலாகத் தேட வேண்டாம். கோடில் கைதவறி '23' என்று அடித்தாலும் அங்கேயே மாட்டும்.

ஃபார்மிலிருந்தோ ஏபிஐயிலிருந்தோ வரும் மதிப்புக்கு மட்டும் இதை நம்பாதீர்கள். கோடு ஜாவாஸ்கிரிப்டாக மாறும்போது டைப்பெல்லாம் உதிர்ந்துவிடும். அங்கே ஜிஎஸ்டி எண்ணின் முதல் 2 இலக்கத்தை எடுத்து, இஃப் போட்டுச் சோதித்தே ஆக வேண்டும்.