நிறுவனத்தில் ஏஐ: முதல் அடியை எங்கே வைப்பது?

2022 நவம்பரில், கேட்டதற்கு எழுத்தில் பதில் தரும் செயற்கை நுண்ணறிவு (ஏஐ) கருவியான சாட்ஜிபிடி வெளியான பிறகு, "நாமும் ஏஐ கொண்டுவர வேண்டும்" என்ற பேச்சு பல நிறுவனங்களில் எழுந்துவிட்டது. உடனே எந்த மென்பொருளை வாங்கலாம் என்ற விவாதம் தொடங்கிவிடும். மென்பொருளை அப்புறம் பார்க்கலாம். முதலில் வேலையைப் பாருங்கள்.

1. ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள்

எந்த வேலை அதிக நேரத்தைத் தின்கிறது என்று, அதைச் செய்பவர்களிடமே போய்க் கேளுங்கள். மேலாளரிடம் மட்டும் கேட்டால் பாதிதான் தெரியவரும். கிடைக்கும் பட்டியலை மூன்று கேள்விகளால் சலியுங்கள். அடிக்கடி செய்யும் வேலையா? விடை சரியா தப்பா என்று ஒருவரால் சீக்கிரம் சொல்ல முடியுமா? தப்பானால் திருத்திக்கொள்ள முடியுமா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால் அதில் தொடங்கலாம். வரும் மின்னஞ்சல்களைப் பிரிவுவாரியாகப் பிரிப்பது நல்ல உதாரணம்.

ஆள் எடுப்பது, தனிநபரின் கடன் தகுதியை மதிப்பிடுவது போன்றவற்றை முதல் முயற்சியில் தொடவே தொடாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024ஆம் ஆண்டு ஏஐ சட்டம் இவற்றை அதிக ஆபத்துள்ள பயன்பாடுகளில் சேர்த்திருக்கிறது.

சில வேலைகளுக்கு எக்செல் சூத்திரமோ ஒழுங்கான படிவமோ போதும். அப்படியென்றால் அதையே செய்யுங்கள்.

2. இன்றைய நிலையை அளந்து வையுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகத்தான் மனம் வரும், ஆனால் எனக்கு இதுதான் மிக முக்கியம். அந்த வேலைக்கு இப்போது எவ்வளவு நேரம் ஆகிறது, எத்தனை பிழை வருகிறது என்று இரண்டு வாரம் குறித்து வையுங்கள். அந்த எண்கள் இல்லாவிட்டால், ஏஐ உதவியதா இல்லையா என்பதற்கு ஆளுக்கொரு அபிப்பிராயம்தான் மிஞ்சும்.

3. தரவுக்கு விதி எழுதுங்கள்

2023இல் சாம்சங் ஊழியர்கள் சிலர் நிறுவனத்தின் ரகசிய நிரல்களைச் சாட்ஜிபிடியில் இட்டது தெரியவந்து, அந்நிறுவனம் இத்தகைய கருவிகளுக்குத் தடை போட்டது. எதை உள்ளிடலாம், எதைக் கூடாது என்று ஒரே பக்கத்தில் எழுதுங்கள். அனுமதித்த கருவி ஒன்றையும் கையில் கொடுங்கள்; தடை மட்டும் போட்டால் சொந்த போனில் ரகசியமாகப் பயன்படுத்துவார்கள்.

4. சிறிய குழுவோடு சோதியுங்கள்

ஏற்கெனவே சரியான விடை தெரிந்த பழைய கோப்புகளை முதலில் கொடுத்துப் பாருங்கள். அதில் தேறினால் புதியவற்றுக்குப் போகலாம். வெளியே போகும் எதையும் ஒரு மனிதர் படித்த பிறகே அனுப்புங்கள்.

5. பொறுப்பாளரைப் பெயர் சொல்லி நியமியுங்கள்

ஏர் கனடா விமான நிறுவனத்தின் சாட்பாட் (வாடிக்கையாளர் கேள்விகளுக்குத் தானாகப் பதில் தரும் மென்பொருள்) ஒரு பயணிக்குக் கட்டணச் சலுகை பற்றித் தவறான தகவல் தந்தது. சாட்பாட் சொன்னதற்கு நிறுவனமே பொறுப்பு என்று 2024 பிப்ரவரியில் கனடாவின் தீர்ப்பாயம் ஒன்று சொல்லிவிட்டது. கருவியின் தவறு உங்கள் தவறாகவே கணக்கில் வரும். அதனால் அது தரும் விடைகளுக்கு யார் பொறுப்பு என்பதை முன்பே பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள்.

6. விரிப்பதா, நிறுத்துவதா?

எந்த அளவு பலன் வந்தால் தொடர்வோம், எதற்குக் கீழே போனால் நிறுத்துவோம் என்பதைச் சோதனைக்கு முன்பே எழுதிவிடுங்கள். செலவுக் கணக்கில் சந்தாவை மட்டும் போடாதீர்கள். பயிற்சிக்கும், வந்த விடையைச் சரிபார்ப்பதற்கும் ஆகும் நேரத்தையும் சேர்த்து, இரண்டாம் படியில் குறித்த எண்களோடு ஒப்பிடுங்கள்.