தொடர் வளர்ப்பில் நொதி பாக்டீரியாவைத் தேடும்போது சறுக்கும் இடங்கள்

கீமோஸ்டாட் கலத்தில் கடைசிவரை தாக்குப்பிடித்த பாக்டீரியாதான் நொதியை அதிகம் சுரக்கிறது என்று நம்பிவிடுவதே எல்லாவற்றிலும் பெரிய தவறு. கீமோஸ்டாட் என்பது 1950இல் மோனோ என்ற அறிவியலாளரும், அவரிடமிருந்து தனியாக நோவிக், சிலார்ட் என்ற இருவரும் விவரித்த தொடர் வளர்ப்பு முறை. ஒருபுறம் ஊட்டக்கரைசல் உள்ளே வர, அதே வேகத்தில் மறுபுறம் வளர்ப்பு வெளியேறுகிறது. எஞ்சிய சொற்ப உணவிலும் விரைந்து பெருகும் இனமே அங்கே வெல்லும். நொதி சுரப்பது அந்தப் பெருக்கத்துக்கு உதவினால்தான் நமக்குப் பயன்.

எனவே ஸ்டார்ச்சை (மாவுச்சத்தை) உடைக்கும் அமைலேஸ் நொதி வேண்டுமானால் ஸ்டார்ச் மட்டுமே கார்பன் உணவாக இருக்கட்டும். வளர்ச்சியைத் தூண்டலாம் என்று சிறிது குளுக்கோஸ் சேர்ப்பவர்கள் உண்டு; தயவுசெய்து சேர்க்காதீர்கள். பல பாக்டீரியாக்கள் குளுக்கோஸ் கிடைத்தவுடன் அமைலேஸ் உற்பத்தியை அடக்கிவிடும். நொதியே இல்லாத இனங்களும் அதை உண்டு பெருகும்.

ஸ்டார்ச் மட்டும் இருந்தாலும் திருட்டு நடக்கும். செல்லுக்கு வெளியே சுரக்கும் நொதி உடைத்துத் தரும் சர்க்கரை எல்லோருக்கும் பொது. உழைக்காத அண்டை செல்லும் அதைத் தின்று கொழுக்கும். ஆகவே பல நாட்களில் மாதிரி எடுத்து, தனிக் காலனிகளாக (ஒரே செல்லிலிருந்து பெருகிய கூட்டங்களாக) பிரித்து, ஸ்டார்ச் கலந்த அகார் கூழ்மத் தட்டில் வளர்த்து, ஸ்டார்ச்சைக் கருநீலமாக்கும் அயோடினை ஊற்றிப் பாருங்கள். காலனியைச் சுற்றித் தெளிந்த வளையம் தெரிந்தால் அது சுரக்கிறது. வளையத்தின் அகலத்தை வைத்து முதலிடம் கொடுத்துவிடாதீர்கள்; காலனியின் அளவும் நொதி பரவும் வேகமும் அதை மாற்றும். திரவ வளர்ப்பில் நொதிச் செயல்பாட்டை அளந்த பிறகே தீர்ப்பு. முதல் நாள் மாதிரியையும் கிளிசரால் சேர்த்து உறையவையுங்கள். நல்ல சுரப்பான் ஒன்று மெதுவாக வளர்ந்ததாலேயே மூன்றாம் நாள் காணாமல் போயிருக்கலாம்.

அந்த இழப்புக்குப் பெரும்பாலும் அவசரமே காரணம். ஒரு லிட்டர் வளர்ப்பில் மணிக்கு 100 மில்லி பாய்ச்சினால் நீர்த்தல் வீதம், அதாவது பாயும் அளவை வளர்ப்பின் அளவால் வகுத்தது, மணிக்கு 0.1. சுமார் 7 மணி நேரத்துக்குள் இரட்டிக்காத இனம் அடித்துச் செல்லப்படும். பாய்ச்சலை நிறுத்தி முதலில் வளரவிட்டு, பிறகு மெதுவாகத் தொடங்குங்கள். இதே வீதத்தில் பழைய திரவம் ஏறத்தாழ முழுதும் மாற 50 மணி நேரம் ஆகும். அதற்குமுன் எடுத்த அளவை நிலையானது என்று எழுதிவைக்காதீர்கள்.

கலத்தின் சுவரையும் கவனியுங்கள். அங்கே படலமாக ஒட்டிய செல்கள் போட்டியில் தோற்றாலும் வெளியேறுவதில்லை. திரவத்துக்குள் தொடர்ந்து உதிர்ந்துகொண்டே இருக்கும். சுவரைச் சுரண்டி எடுத்ததையும் தனித் தட்டில் வளர்த்தால், திரவத்தில் தெரிவது எங்கிருந்து வந்தது என்பது புரியும்.