சப்பை மூக்கு நாயை விமானத்தில் அனுப்புவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையிலிருந்து வளர்ப்பு நாய்களை வெளிநாடுகளுக்கு அனுப்பிவைப்பது என் தொழில். தடுப்பூசி போடாமல் வருவது, பயணத்துக்கு முந்தைய வாரம் ஓடி வருவது போன்றவற்றை இங்கே நான் எழுதப்போவதில்லை; அவை எல்லோருக்கும் தெரிந்தவை. பக், ஷிட்சு, பாக்ஸர், பிரெஞ்ச் புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களை வளர்ப்பவர்கள், நன்கு படித்தவர்களும்கூட, விமான நிறுவனங்களின் கட்டுப்பாடுகளைத் தவறாகப் புரிந்துகொண்டு செய்கிற பிழைகளை மட்டும் சொல்கிறேன்.

இனத்தின் பெயரை மாற்றி எழுதுவது

இதை மட்டும் என்னால் இன்றும் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. பக் நாயை ஏற்க மாட்டோம் என்று விமான நிறுவனம் சொன்னவுடன், "கலப்பினம் என்று போட்டுவிடுங்கள், யார் பார்க்கப்போகிறார்கள்?" என்று யாராவது ஒருவர் யோசனை சொல்லிவிடுகிறார்.

பார்ப்பார்கள். ஒரு மே மாத இரவில், சரக்கு முனையத்தில், ஊழியர் ஒருவர் குனிந்து கூண்டின் கம்பிக் கதவுக்குள் டார்ச் அடித்தார். சுருக்கம் விழுந்த நெற்றி, கறுத்த முகம், முதுகின் மேல் சுருண்டு கிடந்த வால். "இது பக்தானே சார்?" என்று கேட்டார். "அப்பா நாட்டு நாய்ங்க" என்றார் உரிமையாளர். ஊழியர் பதில் சொல்லாமல் தடுப்பூசிப் புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திருப்பினார். அங்கே 'பக்' என்பதை நீல மையால் அடித்துவிட்டு, பக்கத்தில் 'கலப்பு' என்று எழுதியிருந்தார்கள். நாயின் தோலுக்கடியில் பதிக்கும் அடையாளச் சில்லான மைக்ரோசிப்பின் சான்றிதழிலும் இனம் இருக்கும்; அதைத் திருத்த ஒருவருக்கும் தோன்றவில்லை. குடும்பம் அன்றிரவே பறந்தது. நாய் தாம்பரத்திலிருந்த மாமனார் வீட்டுக்குத் திரும்பியது. உடல்நலச் சான்றிதழ் சில நாள்களுக்கு மட்டுமே செல்லுபடியாகும் என்பதால், அதையும் ஏற்றுமதி அனுமதியையும் மீண்டும் வாங்க வேண்டியதாயிற்று. இதில் வேடிக்கை என்னவென்றால், பல நிறுவனங்களின் தடைப் பட்டியலில் இவ்வினங்களின் கலப்புகளும் அடக்கம். அந்தப் பொய் உண்மையாகவே இருந்திருந்தாலும் பயன்பட்டிருக்காது.

பணம் போனதுகூடப் போகட்டும். பொய் பலித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைத்தால்தான் எரிச்சல் வருகிறது. நாய்க்கு நம்மைப்போல் உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. மூச்சிரைத்துத்தான் அது தன் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. சப்பை மூக்கு நாய்களில் பலவற்றுக்கு நாசித் துளைகள் குறுகியும், தொண்டைக்குள் தொங்கும் மெல்லண்ணம் நீண்டும் இருப்பதால், வேகமாக மூச்சிரைக்க இரைக்கத் தொண்டைச் சதை வீங்கி, காற்று போகும் வழி மேலும் அடைபடுகிறது. அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2010இல் வெளியிட்ட கணக்கின்படி, 2005 மே மாதம் முதல் ஐந்தாண்டுகளில் விமானப் பயணத்தின்போது இறந்ததாகத் தெரிவிக்கப்பட்ட 122 நாய்களில் ஏறத்தாழப் பாதி சப்பை மூக்கு இனங்களைச் சேர்ந்தவை. அவற்றில் புல்டாக் மட்டுமே 25, பக் 11.

விலங்குகளை ஏற்றும் சரக்கறையில் காற்றழுத்தம் பயணிகள் பகுதியில் உள்ளதைப் போன்றே இருக்கும். ஆபத்து பெரும்பாலும் தரையில்தான்: வண்டியில் காத்திருக்கும் நேரம், ஏற்றி இறக்கும் நேரம், விமானம் தாமதமாகி நிற்கும் நேரம். விமானத்துக்கும் முனையத்துக்கும் இடையே கொண்டுசெல்கையில் 29.5 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பத்தில் ஒரு நாயை 45 நிமிடங்களுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்கிறது அமெரிக்க விதி. சென்னையின் கத்திரி வெயிலில் நள்ளிரவிலும் அந்த அளவு குறையாத நாள்கள் உண்டு. உண்மையான இனம் தெரிந்தால்தான் கோடையில் ஏற்றக் கூடாது என்ற தடையின் பாதுகாப்பும், பெரிய கூண்டும், ஊழியர்களின் கூடுதல் கவனிப்பும் அந்த நாய்க்குக் கிடைக்கும்.

தூக்க மருந்து

கொடுக்காதீர்கள், அது இரத்த அழுத்தத்தைக் குறைத்து, ஏற்கெனவே திணறும் மூச்சை மேலும் மந்தமாக்கும்.

பழைய கூண்டே போதும் என்பது

ஐயாட்டா எனப்படும் சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் விதிப்படி, சப்பை மூக்கு நாயின் கூண்டு, அதே அளவுள்ள மற்ற நாய்க்கு வேண்டியதைவிட 10 சதவீதம் பெரிதாக இருக்க வேண்டும். நான்கு பக்கமும் காற்றோட்டம் தேவை. கடைக்காரர் சொல்லும் 'மீடியம்', 'லார்ஜ்' என்பதை நம்பாமல், நாயை நிற்கவைத்து அளவெடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

மடியில் வைத்துக்கொண்டு போய்விடலாம் என்பது

பயணிகள் பகுதியில் நாயை அனுமதிக்கும் ஐரோப்பிய நிறுவனங்கள் பல, பையோடு சேர்த்து 8 கிலோ என்று வரம்பு வைத்திருக்கின்றன. வளர்ந்த பக் நாயே 6 முதல் 8 கிலோ இருக்கும். பிரிட்டனுக்குச் செல்லும் விமானங்களில் உதவி நாய்களைத் தவிர மற்றவை சரக்காக மட்டுமே நுழைய முடியும் என்பதால், அங்கே எடைக் கணக்குக்கே வேலையில்லை.

ஒரு நிறுவனத்தைக் கேட்டுவிட்டு இன்னொன்றில் பறப்பது

டிக்கெட்டில் அச்சாகியிருப்பது ஒரு நிறுவனத்தின் பெயராகவும், இரண்டாம் கட்டப் பயணத்துக்கான விமானம் அதன் கூட்டு நிறுவனத்துடையதாகவும் இருப்பது வழக்கம். நாய் விஷயத்தில், விமானத்தை இயக்கும் நிறுவனத்தின் விதியே செல்லும். முதல் நிறுவனம் ஷிட்சுவை ஏற்றிச்சென்று, இடைவழி நிலையத்தில் இரண்டாவது நிறுவனம் மறுத்துவிட்டால், அந்த நாட்டுக்கான இறக்குமதி அனுமதியும் உங்கள் கையில் இருக்காது. எனவே ஒவ்வொரு கட்டத்துக்கும் விமான எண், விமான வகை, நாயின் இனம், எடை, கூண்டின் அளவு ஆகியவற்றைக் குறிப்பிட்டு எழுத்துப்பூர்வமான ஒப்புதலை வாங்குங்கள். உங்களுக்கான டிக்கெட்டை அதன் பிறகு எடுங்கள். தொலைபேசியில் "ஓகே சார்" என்று சொன்னவரின் பெயரை எந்த கவுன்ட்டரிலும் யாரும் கேட்க மாட்டார்கள்.